புலால் உண்போரும் உண்ணாதோரும் அறிய வேண்டியது

வாங்கும் பண்டத்தில் கலப்படம் உண்டா, எடை சரியா, விலை நியாயமானதா என்னும் மூன்று கேள்விகளும் கூட்டுறவு இயக்கத்தோடு உடன்பிறந்தவை. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளர் சேர்ந்து தோற்றுவித்த சங்கம், 1844-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் தன் சிறு கடையைத் திறந்தது. அவர்களுள் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அங்கு விற்கப்பட்டன. ஆயினும் அவை கலப்படமற்றவை, நிறை குறையாதவை என்னும் நம்பிக்கையே அக்கடையின் மூலதனமாக நின்றது. உண்பவன் தான் உண்பது யாதென்று அறிந்து வாங்க வேண்டும் என்னும் பாடத்தை உலகுக்குக் கற்பித்த பெருமையில் நம் நெசவாளர் குலத்துக்கும் பங்குண்டு.

அந்தப் பாடத்தை நாம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்துகிறோம். இறைச்சிக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. புலால் உண்போர் எடையையும் எலும்பையும் பார்த்து வாங்குகின்றனர். உண்ணாதோர், அது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுங்கி விடுகின்றனர். இறைச்சியின் வழியாகத் தொடங்கும் புழு நோய்களைப் பொறுத்தவரை இவ்விரு திறத்தாரின் எண்ணமும் பிழையானது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புழுவின் இரு பிறவி

உணவின் வழியே பரவும் ஒட்டுண்ணிகள் 24-ஐ, அவை விளைக்கும் தீங்கின் அளவுப்படி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2014-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தின. அவ்வரிசையில் முதலிடம் பெற்றது பன்றி நாடாப்புழு. ஆகவே அதனையே இங்கு விரிவாக எடுத்துக் கொள்கிறோம்.

இப்புழுவுக்கு இரு பிறவிகள் உண்டு. ஒன்று பன்றியின் தசையில் கட்டியாகக் கிடப்பது. மற்றொன்று மனிதன் குடலில் நாடாவாக வளர்வது. கட்டிப் பருவத்தில் அது அரிசி மணிக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவில், வெண்மையாக, நீர் நிறைந்த சிறு பை போலத் தோன்றும். அவ்விறைச்சியைச் சரியாக வேக வைக்காமல் உண்டால், கட்டியினுள் இருக்கும் புழுத்தலை குடற்சுவரைப் பற்றிக்கொண்டு வளரத் தொடங்கும். இரண்டு மாத காலத்தில் முதிர்ந்து, சில மீட்டர் நீளமுள்ள பட்டையான புழுவாகிவிடும். அதன் உடல் கண்ணி கண்ணியாக அமைந்தது. முதிர்ந்த கண்ணிகள் மலத்தோடு கழன்று வெளியேறும். ஒவ்வொரு கண்ணியிலும் பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். திறந்த வெளியில் கழித்த மலத்தைப் பன்றி தின்னும்போது முட்டைகள் அதன் உடலிற் புகுந்து, தசையில் மீண்டும் கட்டிகளாகின்றன. இவ்வாறு இச்சக்கரம் சுழல்கிறது.

கட்டியும் நாடாவும் ஒரே புழுவின் இரு பருவங்களே என்பதை முதன்முதல் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய மருத்துவர் கூக்கன்மைஸ்டர். 1855-ஆம் ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் உணவில், அவனறியாமல் பன்றியிறைச்சிக் கட்டிகளை அவர் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் அவன் குடலைச் சோதித்தபோது இளம் நாடாப்புழுக்கள் காணப்பட்டன. அறத்துக்கு ஒவ்வாத சோதனை அது; அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எனினும் அது காட்டிய உண்மை நிலைத்துவிட்டது.

குடலில் நாடாப்புழு இருப்பவருக்குப் பெரும் துன்பம் ஒன்றும் தோன்றாதிருக்கலாம். சிறிது வயிற்றுவலி, பசிக் குறைவு, மலத்தில் வெண்ணிறப் பட்டைத் துண்டுகள், இவ்வளவே. பலர் இவற்றையும் கவனியார். நோய் இருப்பதை அறியாமலே அவர் நாள்தோறும் முட்டைகளை வெளியேற்றி வருகிறார் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

அடுப்பு காக்கும் எல்லை

இறைச்சியிலுள்ள கட்டியை அழிப்பது எளிது. நெருப்பே அதற்குப் போதும். துண்டுகளாக உள்ள பன்றியிறைச்சி உட்புறம் 63 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடைந்து, இறக்கிய பின் மூன்று நிமிடமேனும் அவ்வாறே இருக்க வேண்டும் என்றும், கொத்திய இறைச்சியாயின் 71 டிகிரி அடைய வேண்டும் என்றும் வல்லுநர் கூறுகின்றனர். நம் வீட்டு அடுப்பங்கரையில் வெப்பமானி இராது. நடுத்துண்டைப் பிளந்து பார்த்தால் எங்கும் சிவப்பின்றி நிறம் மாறியிருக்க வேண்டும். கசியும் நீர் தெளிந்திருக்க வேண்டும். இதுவே நாம் கைக்கொள்ளத்தக்க அடையாளம்.

நம் நாட்டுக் குழம்பு நெடுநேரம் கொதிப்பது. அதில் அஞ்சத்தக்கது பெரும்பாலும் இல்லை. தணலில் வாட்டி, மேற்புறம் கருகி உட்புறம் பச்சையாக நிற்கும் பெரிய துண்டுகளிலும், பொழுதில்லை என்று அவசரமாக வறுத்து இறக்குவதிலும், மசாலை தடவிய பச்சைக் கொத்துக்கறியை உப்புப் பார்க்க நாவில் இடுவதிலுமே கவனம் தேவை. பச்சை இறைச்சி நறுக்கிய அரிவாள்மணையையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் அதன்மேல் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குவதும் தவறு.

குளிரில் உறைய வைத்தாலும் கட்டி அழியும். கழிவு 5 டிகிரியில் நான்கு நாளும், கழிவு 15 டிகிரியில் மூன்று நாளும், கழிவு 24 டிகிரியில் ஒரு நாளும் வைக்கப்பட்ட இறைச்சியில் கட்டிகள் இறந்துபடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களில் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நம்பி வேக வைப்பதில் குறை வைத்தல் ஆகாது.

இங்கு ஒரு தெளிவும் தேவை. பன்றி நாடாப்புழு ஆட்டிறைச்சியாலோ கோழியாலோ வருவதன்று. மாட்டிறைச்சியால் வரும் நாடாப்புழு வேறு வகை. அது குடலில் நீண்டு வளருமேயன்றி, அதன் முட்டை மனித உடலிற் கட்டியாகத் தங்குவதில்லை. எனினும் அரைவேக்காட்டு ஆட்டிறைச்சியாலும் வேறு சில நுண்ணுயிர்கள் பரவக்கூடும். அவற்றுள் ஒன்று கருவுற்ற பெண்டிரின் வயிற்றுச் சிசுவுக்குத் தீங்கு செய்வது. ஆகவே எவ்விறைச்சியாயினும் முற்ற வேக வைத்தல் நன்று.

உண்ணாதோருக்கும் உரியதே

இனி, கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். கட்டியுள்ள இறைச்சியை உண்டவனுக்கு வருவது குடற்புழு மட்டுமே. மூளையைத் தாக்கும் கொடிய நோயோ இறைச்சியிலிருந்து நேராக வருவதன்று. புழு உள்ள மனிதனின் மலத்தில் வெளிப்படும் முட்டையிலிருந்து வருவது. அம்முட்டை கை வழியாகவோ, நீர் வழியாகவோ, பச்சையாக உண்ணும் காய்கறி வழியாகவோ மற்றொருவர் வயிற்றிற் சேரலாம். புழு உள்ளவரே தம் கையால் தமக்கு ஊட்டிக் கொள்வதும் உண்டு. பன்றியின் தசையில் தங்க வேண்டிய கட்டி அப்போது மனிதன் தசையிலும், கண்ணிலும், மூளையிலும் தங்குகிறது. மூளையில் தங்கிய கட்டி பல மாதமோ பல ஆண்டோ அமைதியாக இருந்து, பின்னர் ஒரு நாள் வலிப்பாக வெளிப்படுகிறது.

இதற்குச் சான்றாக அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வாழும் வைதிக யூத மக்கள் பன்றியிறைச்சியைத் தீண்டவும் மாட்டார்கள். அவர்களுள் நால்வருக்கு இந்த மூளைக்கட்டி நோய் கண்டிருந்ததை 1992-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஆராய்ந்தபோது, இப்புழு பரவியுள்ள நாடுகளிலிருந்து வந்து அவ்வீடுகளில் பணிபுரிந்தவர்களுள் ஒருவரிடம் நாடாப்புழுத் தொற்று இருந்தமை தெரியவந்தது. அவ்வேலையாளைக் குறை கூறுவதற்கில்லை. தமக்கு நோய் இருப்பதை அறியாத அவரும் சிகிச்சைக்கு உரிய ஒரு நோயாளியே.

நம் நாட்டு வரலாறும் இதனையே சொல்லும். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்குத் தாயகத்தில் வலிப்பு கண்டது. அத்தகையோர் 450 பேரைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி 1961-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர், அப்போது பிரிவுபடாதிருந்த வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கு மேற்பட்ட மக்களை வீடுவீடாகச் சென்று விசாரித்து, 2006-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நால்வர் வலிப்பு நோயால் வருந்தினர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுக்கட்டியே காரணம் என்றும் அவர்கள் கண்டனர். இப்புழு பரவியுள்ள இடங்கள் பலவற்றில் வலிப்பு நோயாளருள் நூற்றுக்கு 30 பேருக்கு இதுவே காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

குடும்பம் செலுத்தும் விலை

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில், தவணை தவறிய கடன்களின் காரணத்தை நாம் விசாரிப்பது வழக்கம். மழை பொய்த்தது, நூல் விலை ஏறிற்று என்று வாய்விட்டுச் சொல்வோர் பலர். வீட்டில் ஒருவருக்கு வலிப்பு என்பதை மட்டும் எவரும் எளிதிற் சொல்வதில்லை. மெல்லக் கேட்டால், மந்திரிப்புக்கும் வேண்டுதலுக்கும் ஊர் ஊராய் அலைந்ததற்கும் ஆன செலவு வெளிவரும். குழித்தறியில் அமர்ந்திருக்கையில் வலிப்பு வந்தவர் மறுபடி தறியில் ஏற அஞ்சுகிறார். கிணற்றடியிலும் பம்பு செட்டருகிலும் வேலை செய்வோர் நிலை இன்னும் ஆபத்தானது. மகளுக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் வரன் வராது என்று பெற்றோர் மருத்துவமனைக்கே செல்லாது மறைக்கின்றனர். புலால் உண்ணாத குடும்பமாயின், பன்றிப் புழுவால் வந்த நோய் என்று மருத்துவர் சொன்னதைப் பெரும் அவமானமாகக் கருதி, மருந்துச் சீட்டையே ஒளித்து வைப்பவர்களும் உண்டு.

இவ்வவமானத்துக்கு இடமே இல்லை. இந்நோய் எவர் உண்ட உணவையும் காட்டிக் கொடுப்பதன்று. ஊரின் சுகாதாரக் குறையையே காட்டுவது. சட்டமும் தன் கண்ணோட்டத்தை மாற்றிக் கொண்டுவிட்டது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறியிருந்த சொற்கள் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டன.

வலிப்புக்கு நல்ல மருந்துகள் உண்டு. மூளையை ஊடுகதிர்ப் படம் எடுத்துக் கட்டியைக் கண்டறியவும் இயலும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம்: புழு மாத்திரைதானே என்று கடையில் தாமாக வாங்கி விழுங்கலாகாது. மூளையில் கட்டி உள்ளவருக்கு அம்மருந்தே வலிப்பைக் கிளப்பிவிடலாம். எம்மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அவர் கொடுத்த வலிப்பு மருந்தை, நோய் நின்றுவிட்டது என்று எண்ணி நடுவில் நிறுத்துதலும் கூடாது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும் வாயில் துணியோ கரண்டியோ நுழைப்பதாலும் பயனில்லை, தீங்கே உண்டு. அவரைத் தறியிலிருந்தும் நெருப்பிலிருந்தும் விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென ஒன்றை வைத்துக் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கடையிற் கேட்க வேண்டியவை

இறைச்சி வாங்கும் அங்கத்தினர், அது எங்கே அறுக்கப்பட்டது என்று கேட்கத் தயங்கலாகாது. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக் கூட விதிகள், அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பிராணியையும் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்றும், ஒருவர் ஒரு மணி நேரத்தில் 12 பிராணிகளுக்கு மேல் சோதிக்கலாகாது என்றும் கூறுகின்றன. நன்றாகச் சோதிக்க அவகாசம் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. முத்திரையுள்ள இறைச்சியைக் கேட்டு வாங்குவோர் பெருகினால், முத்திரை பெறும் கடைகளும் பெருகும். சந்து முனையில் அறுத்தது அரைக் காசு மலிவு என்று வாங்குவோர் இருக்கும்வரை விதி ஏட்டில்தான் இருக்கும்.

வெட்டிய தசையில் வெண்ணிறக் கட்டிகள் கண்ணுக்குப் பட்டால் அவ்விறைச்சியை வாங்கலாகாது. கட்டி சிலவே இருந்தால் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆதலால் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் அடுப்பையும் நம்ப வேண்டும்.

ஆட்டிறைச்சி வாங்குவோர் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த பெரிய கட்டிகள் சில சமயம் காணப்படும். அது மேற்சொன்ன வரிசையில் இரண்டாம் இடம் பெற்ற வேறொரு நாடாப்புழுவின் கட்டியாக இருக்கலாம். அதனை உண்பதால் நமக்கு அந்நோய் வருவதில்லை. நாய்க்கு எறிவதாலேயே வருகிறது. நாயின் குடலில் அது புழுவாகி, முட்டைகள் அதன் மலத்தில் வெளிப்பட்டு, நாயைத் தடவி விளையாடும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் சேர்கின்றன. பின்னர் அக்குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளர்கிறது. எனவே கழித்த உறுப்புகளை நாய்கள் தோண்ட இயலாத ஆழத்திற் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். திருவிழாக்களில் பல கிடாக்கள் வெட்டப்படும் நாள்களில் இதனைச் செய்வோர் மிகச் சிலரே.

விளைவிப்போர் பங்கு

காய்கறி வழியாகவும் இந்நோய் பரவும் என்று எழுதுவது, காய்கறி பயிரிடும் நம் அங்கத்தினருக்கு மனவருத்தம் தரலாம். உண்மையை மறைப்பதால் வியாபாரம் நிலைக்காது, சுத்தத்தால் நிலைக்கும். சாக்கடை நீர் பாய்ந்த நிலத்திலும், திறந்த வெளியில் மலங்கழிக்கும் நிலத்தை அடுத்தும் விளையும் கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி ஆகியவற்றில் முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும். ஈரமண்ணில் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஆகவே பச்சையாக உண்ணப்படும் காய்களுக்குக் கிணற்று நீரையே பாய்ச்ச வேண்டும். களத்துமேட்டில் வேலையாட்களுக்கு ஒரு கழிப்பறையும், கைகழுவ நீரும் சோப்பும் அமைக்க வேண்டும். பறித்த காயை வாய்க்கால் நீரில் அலசிக் கூடையில் அடுக்குதலும் தவிர்க்கத்தக்கது. கழுவும் நீர் அழுக்கானால் கழுவாமல் விடுவதே மேல்.

வாங்கியவர் வீட்டில் ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோல் உரிக்கத்தக்கவற்றை உரித்து உண்ண வேண்டும். சமைத்த கீரைக்கும் காய்க்கும் இந்த அச்சம் இல்லை. மலங்கழித்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் நகக்கண் வரை சோப்பிட்டுக் கைகழுவும் வழக்கம் ஒன்றே பாதி நோயைத் தடுக்கும்.

பழியன்று, வழி வேண்டும்

இவற்றைப் படித்து, பன்றி வளர்ப்போரைப் பழிக்க எவரேனும் புகுவாராயின் அது அறியாமையே. பன்றிக்கு நோயைக் கொடுப்பவன் மனிதன். பட்டியில் அடைத்து, தூய தீனி இட்டு வளர்க்கப்படும் பன்றிக்கு இக்கட்டி வருவதில்லை. ஊரில் அனைவரும் கழிப்பறையைப் பயன்படுத்தினால், அவிழ்த்து விட்ட பன்றிக்கும் வர வழியில்லை. பன்றிகளுக்கு இந்நோய் வராமல் தடுக்கும் ஊசி மருந்து ஒன்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்டு, நம் ஹைதராபாத் நகரிலேயே உற்பத்தி செய்யப்படுகிறது.

இச்சக்கரத்தை நிறுத்த இயலுமா என்று ஐயுறுவோருக்குத் தென்னமெரிக்காவின் பெரு நாடு விடை தந்துள்ளது. அந்நாட்டின் வடகோடியிலுள்ள தும்பெஸ் வட்டாரத்தில், மக்களுக்குப் புழு மருந்தும் பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் ஒரே காலத்தில் கொடுத்தார்கள். முடிவுக் கட்டத்தில் எடுத்துக் கொண்ட 107 ஊர்களில், 105 ஊர்களில் நோய்ப் பரவல் நின்றுவிட்டது என்று 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டார் மட்டும் செய்திருந்தால் இது கைகூடியிராது. ஊரார் அனைவரும் சேர்ந்ததால் கைகூடிற்று. கூட்டுறவின் தத்துவமும் இதுவேயன்றோ?

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உண்டு. அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் கால்நடை மருத்துவரையும் ஒருங்கே அழைத்து அரைமணி நேரம் பேசச் செய்யலாம். தறிக்கூடத்திலும் கொள்முதல் நிலையத்திலும் கழிப்பறை இருக்கிறதா, அதில் நீர் வருகிறதா, சோப்பு உள்ளதா என்பதை நிர்வாகக் குழு மாதந்தோறும் பார்வையிட்டுத் தீர்மானப் புத்தகத்திற் குறிக்கலாம். பொதுநல நிதியில், வலிப்பு நோயுற்ற அங்கத்தினர் மருத்துவமனை சென்று வரும் செலவுக்குச் சிறுதொகை ஒதுக்கலாம். அவர் பெயரைக் கூட்டத்தில் படிக்காமல் அதனைச் செய்தல் வேண்டும். காய்கறி விற்கும் சங்கங்கள், கிணற்று நீர்ப் பாசனத்தில் விளைந்தவற்றைத் தனியே பிரித்து விற்குமாயின், அச்சுத்தத்துக்கு உரிய விலையை வாங்குவோர் தர மறுக்க மாட்டார்கள்.

ஒருவர் அடுப்பு அவரவர் வீட்டைக் காக்கும். ஒருவர் கழிப்பறையோ ஊரையே காக்கும். புலால் உண்பவர் நன்றாக வேக வைத்து உண்ணட்டும். உண்ணாதவர் தமக்கென்ன என்று ஒதுங்காதிருக்கட்டும். வலிப்பு உள்ள அண்டை வீட்டாரைக் கண்டால், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் தறியை நிறுத்தி உடன் செல்லட்டும்.